பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

மாணவர்களே, கெமாஸ் இரயில் நிலையம் நம் நாட்டின் மேற்குக் கரை, கிழக்குக் கரை இரயில் பாதைகள் பிரியும் சந்திப்பு. இங்கு வந்து போகும் இ.டி.எஸ். இரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு வினாடியும் அதன் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நிற்க ஏறத்தாழ 750 மீட்டர் தேவை. அதே வேகத்தில் ஓடும் கார் உலர்ந்த சாலையில் 100 மீட்டருக்குள் நின்றுவிடும்.

இரயிலின் பிரேக் பலவீனமானதா? இல்லை. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருள்வதால் அங்கே உராய்வு மிகக் குறைவு. பிரேக்கை இன்னும் இறுக்கினால் சக்கரம் நின்றுவிடும். இரயிலோ வழுக்கிக்கொண்டே போகும். அதனால்தான் பல இரயில்களில் சக்கரத்தின் முன்னே தண்டவாளத்தில் மணல் தூவும் கருவி இருக்கிறது.

இந்தப் பாடம் காருக்கும் பொருந்தும். உங்கள் அண்ணன் ஒரு புரோட்டோன் சத்ரியா வாங்கி, இன்ஜினைப் பலப்படுத்தி, “அடுத்து பெரிய டிஸ்க் பிரேக் போடப் போகிறேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பணம் சரியான இடத்தில் செலவாகுமா?

பிரேக் என்ன செய்கிறது?

ஓடும் காருக்கு இயக்கச் சக்தி உண்டு. பிரேக் பேட் டிஸ்க்கை அழுத்தி, உராய்வின் மூலம் அந்தச் சக்தியை வெப்பமாக மாற்றுகிறது. 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 90 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 25 மீட்டரில் ஓடினால்:

இயக்கச் சக்தி = ½ × 1,200 × 25 × 25 = 375,000 ஜூல்.

வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. நல்ல டயரும் உலர்ந்த தாரும் இருந்தால், ஒவ்வொரு வினாடியும் காரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் குறையும்.

நிற்கும் தூரம் = (25 × 25) ÷ (2 × 8) = 39 மீட்டர்.

இந்தக் கணக்கில் டிஸ்க்கின் அளவு வரவே இல்லை, கவனித்தீர்களா? மிதியை அழுத்தியதும் டயர் பூட்டிக்கொண்டு கிரீச்சிட்டாலோ, ஏ.பி.எஸ். வேலைசெய்து மிதி அதிர்ந்தாலோ, இருக்கும் பிரேக்கே டயரின் பிடியைவிட வலுவானது என்று பொருள். அந்தக் காருக்குப் பெரிய டிஸ்க் போட்டாலும் ஒரே ஒரு முறை நிற்கும் தூரம் குறையாது.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு?

வெப்பத்தைத் தாங்க. முன் டிஸ்க்குகள் இரண்டும் சேர்ந்து 10 கிலோகிராம் என்றும், சக்தியில் 70 விழுக்காடு அவற்றுக்குப் போகிறது என்றும் கொள்வோம். மேலே சொன்ன ஒரே நிறுத்தத்தில் அவை ஏறத்தாழ 58 பாகை சூடேறும். சிப்பாங் பந்தயத் தடத்தில் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தால், ஆறுவதற்குள் அடுத்த சூடு ஏறிவிடும்.

மலைச்சாலை இன்னும் கடுமையானது. கெந்திங் மலையிலிருந்து அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 1 கோடியே 20 இலட்சம் ஜூல் சக்தி வெளியாகும். இது 32 நிறுத்தங்களுக்குச் சமம்! அதில் ஒரு பகுதியை இன்ஜினும் காற்றும் ஏற்றுக்கொள்ளும். குறைந்த கியரில் இறங்கச் சொல்வது இதற்காகத்தான்.

பேட் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் உராய்வு குறையும். பிரேக் எண்ணெய் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். எனவே மிதி தரைவரை இறங்கினாலும் பிரேக் பிடிக்காது.

எந்த வரிசையில் மாற்றலாம்?

1. டயர்: பள்ளத்திலுள்ள தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அந்த அளவு தேய்வதற்கு முன்பே மாற்றுவது நல்லது. நம் நாட்டு மழையில் நீரை வெளியேற்றுவது இந்தப் பள்ளங்களே.

2. பிரேக் எண்ணெய்: இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 பாகையில் கொதிக்கும்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். செலவு குறைவு, பலன் அதிகம்.

3. பேட்: சாலைக்கு ஏற்றதை வாங்க வேண்டும். பந்தயப் பேட்டுகளில் பல, சூடேறாதபோது சரியாகப் பிடிப்பதில்லை.

4. பெரிய டிஸ்க்: இவை எல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்து பிடிக்கும்போது பிரேக் தளர்ந்தால் மட்டும். முன், பின் பிரேக்கின் விகிதம் கெடக்கூடாது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

மழையில் நனைந்த சாலையில் வேகம் வினாடிக்கு 4 மீட்டர் வீதமே குறைகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் கார் எத்தனை மீட்டரில் நிற்கும்? (விடை: 78 மீட்டர்.)

இதோடு இன்னொன்றையும் கூட்டுங்கள். கெமாஸிலிருந்து சிகாமட் போகும் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி திடீரென எதிரே திரும்புகிறது. ஓட்டுநர் அதைக் கண்டு மிதியில் கால் வைக்க ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் கார் 25 மீட்டர் ஓடிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரேக்காலும் அந்த 25 மீட்டரைக் குறைக்க முடியாது. வேகத்தைக் குறைத்தால் முடியும். இந்தக் கணக்கை அண்ணனிடமும் காட்டுங்கள்.