தண்ணீர் வந்த ஊரும் துப்பாக்கி வந்த ஊரும்



கலவரம் ஏன் வருகிறது என்று கேட்டால், "அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்று டீக்கடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரிதானா? நம்ம பக்கத்துச் சரித்திரத்தை வைத்தே பார்ப்போம்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பென்னிகுக் தலைமையில் பெரியாறு அணை கட்டி 1895-ல் தண்ணீர் திறந்தார்கள். மலையைக் குடைந்து வந்த தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைய வைத்தது. வைகை வழியாக மேலூர் வரை போனது. மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்கள் நெல் விவசாயத்தில் ஊன்றினார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் மேட்டு நிலம். அங்கே அந்தத் தண்ணீர் ஏறவில்லை. மழை பொய்த்தால் பட்டினிதான். வாய்க்காலுக்குப் பதில் அங்கே வந்தது, 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டம். அந்தக் குலத்தில் பிறந்ததற்காகவே ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச்சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். போலீஸ் தாக்குதலில் மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் உயிரிழந்தார்கள்.

பிறகுதான் அரசாங்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் பெருக்கியது. சட்டம் 1947-ல் ரத்தானது. ஆனால் வைகை அணையிலிருந்து உசிலம்பட்டிக்கு 58 கிராமக் கால்வாயில் சோதனைத் தண்ணீர் விட்டது 2018-ல்தான்!

இன்னொரு உதாரணம் எங்க வீட்டிலேயே இருக்கிறது. அம்மா ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னையில் குமுளி ரோடு அடைபட்டது. அம்மாவுக்கு வேலை போச்சு. "தண்ணிக்குச் சண்டைங்கிறாங்க, இங்க உலை வைக்க அரிசி இல்ல" என்று அழுததை இப்போதும் சொல்வார். தோட்டத்துக்கு நம் கை வேண்டும். நமக்கு அந்தக் கூலி வேண்டும். கொதிப்பு அடங்கியதும் ஜீப்புகள் மறுபடி மலையேறின.

அப்படியானால் பணம் புழங்கினால் போதுமா? ஏலக்காய் வியாபாரம் கொழிக்கும் போடியில்தான் 1989-ல் சாதிக் கலவரம் நடந்தது. முதலீட்டோடு பங்கும் மரியாதையும் எல்லோருக்கும் சேர வேண்டும்.

எங்க குடும்பத்தில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா இன்னும் கைநாட்டுதான். நாளைக்கு நாம் லெவல் எடுத்து வாய்க்கால் போடும்போது, தண்ணீர் போகும் ஊரை மட்டும் பார்க்காமல், ஏறாத மேட்டு ஊரையும் கணக்கில் எடுப்போமா தோழர்களே?