வடசென்னையைத் தண்ணீரிலிருந்து பார்க்க: சில அனுபவக் குறிப்புகள்

கொச்சிக்குப் போய்வரும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் ஒன்றைக் கேட்பார்கள். "எர்ணாகுளம் படகுத்துறையில் சில ரூபாய்க்குச் சீட்டு வாங்கினால் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே மட்டாஞ்சேரி போய்விடலாம். மும்பையில் எலிபெண்டாவுக்குப் படகு விடுகிறார்கள். நம்ம சென்னையும் பழைய துறைமுக ஊர்தானே, எங்கே ஏறுவது?" நான் ராயபுரத்துக்காரன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. சென்னைத் துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் சீட்டுப் படகு எதுவும் கிடையாது. ஆனால் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் உள்ள கரையைத் தண்ணீரிலிருந்தோ தண்ணீரின் ஓரத்திலிருந்தோ பார்க்க வழிகள் உண்டு. பல வருடங்களாக அப்படிப் பார்த்துவந்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

இங்கே ஏன் படகுச் சவாரி இல்லை

கொச்சிக்குக் காயல் இருக்கிறது, மும்பைக்கு விரிகுடா இருக்கிறது. சென்னைக்கு இருப்பது நேராக வந்து மோதும் அலைதான். கம்பெனிக் காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை அறையும்போது பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. அந்தப் படகோட்டிச் சமூகம் தன் வருமானத்தில் எழுப்பியதுதான் ராயபுரத்துப் புனித ராயப்பர் ஆலயம்.

1861இல் இரும்புத் தூண்களின்மேல் ஒரு பாலத்துறை வந்தது. பிறகு கல் கொட்டி அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைச் சிதைத்துவிட்டது. மறுபடி கட்டி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் காலத்தில் கிழக்கு பார்த்த வாயிலை அடைத்து வடகிழக்குப் பக்கம் புது வாயில் வைத்தார்கள். ஆக, துறைமுகத்துக்குள் இருக்கும் அமைதியான தண்ணீர் முழுக்கக் கட்டி எடுத்த தண்ணீர். அதில் ஓரடி விடாமல் சரக்கு வேலை நடக்கிறது. பாதுகாப்புக் கெடுபிடியும் சேர்ந்தால் உல்லாசப் படகுக்கு அங்கே இடம் ஏது?

வழி ஒன்று: பயணிகள் கப்பல்

சென்னைத் துறைமுகத்தை உள்ளிருந்து முறையாகப் பார்க்க அந்தமான் கப்பலே சிறந்த வழி என்பேன். போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய அறுபது மணி நேரப் பயணம். அவ்வளவு நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் இது சரிப்படும்.

கப்பல் கிளம்பும்போது பெரும்பாலானவர்கள் படுக்கை தேடிக் கீழ்த்தளத்தில் அலைவார்கள். பெட்டியை வைத்ததும் மேலே, பின்பக்கத் தளத்துக்கு ஏறிவிடுங்கள். இழுவைப் படகு கப்பலை மெல்லத் திருப்பும்போது ராஜாஜி சாலைக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். உயர் நீதிமன்றத்தின் பெரிய குவிமாடத்தைக் கவனியுங்கள். 1894 முதல் 1977இல் மெரினா கலங்கரை விளக்கம் வரும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு அந்தக் குவிமாடத்தில்தான் எரிந்தது. அதற்கும் முந்தைய 1844ஆம் ஆண்டு விளக்குத் தூண் அதே வளாகத்தில் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும் இந்தக் கடலிலிருந்துதான். கரையில் நின்று இதைப் படித்தால் வெறும் கதை. கடலில் நின்று பார்க்கும்போது நகரம் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பது விளங்கும்.

வாயிலைத் தாண்டியதும் வடக்கே பாருங்கள். காசிமேட்டு விசைப்படகுகள், அதற்கப்பால் திருவொற்றியூர், தூரத்தில் எண்ணூர்ப் புகைபோக்கிகள் என்று வடசென்னை முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். அந்த வரிசையை வேறெங்கிருந்தும் நான் பார்த்ததில்லை.

2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் சேவையும் தொடங்கியது. அதில் ஏற நினைப்பவர்களுக்கு ஒரே யோசனைதான்: சீட்டு எடுக்குமுன் கிளம்பும் நேரத்தைக் கேளுங்கள். இருட்டிய பிறகு கிளம்பும் கப்பலில் விளக்குப் புள்ளிகள்தான் மிஞ்சும், ஊர் தெரியாது. குமட்டல் வருபவர்கள் வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது, வயிறு நிரம்பியும் ஏறக்கூடாது. காற்றோட்டமான இடத்தில் நின்று தொடுவானத்தைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும்.

வழி இரண்டு: காசிமேடு

விசைப்படகுகளை அருகில் பார்க்க ஆசைப்படுபவர்கள், "காசு தருகிறோம், கொஞ்ச தூரம் கூட்டிப் போங்க" என்று லாஞ்சுக்காரர்களைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்காதீர்கள். மீன்பிடிப் படகு பயணிகளை ஏற்றுவதற்கானதல்ல. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலுக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டிய நிலை. உங்கள் ஆசைக்காக அவர் தொழிலுக்கு ஆபத்து வரலாம்.

கரையில் நின்றே நிறையப் பார்க்கலாம். விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கத்தான் லாயக்கு; வேடிக்கை பார்க்க வார நாளில் போங்கள். கூடையோடு வரும் பெண்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். வழுக்காத செருப்பு போடுங்கள். மீன் கூறு வைத்திருக்கும் அக்காவிடம் வாங்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தால், "இன்னா, போட்டா புடிக்கத்தான் வந்தியா?" என்று கேட்பார். கேட்பது நியாயம்தானே.

இன்னொன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போய்ப் பயனில்லை என்று சொல்வார்கள். படகுகளைப் பார்க்க வேண்டுமானால் அதைவிட நல்ல சமயம் இல்லை. மொத்தப் படகுகளும் கரையோரம் அணைந்து நிற்கும். பலகை மாற்றுவது, வர்ணம் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது, வலை பின்னுவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். பேசுவதற்கு ஆட்களுக்கு நேரமும் இருக்கும்.

கரையோரம் வடக்கே

காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலையில் வடக்கே போனால் வலப்பக்கம் மணலைக் காண்பது அரிது. கருங்கல் கொட்டிய கரையும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும்தான் இருக்கும். வருடத்தின் பெரும்பகுதி இந்தக் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. மெரினாவில் காற்று வாங்குபவர்கள் ஒருமுறையாவது இந்தக் கற்களின்மேல் ஏறிப் பார்க்க வேண்டும்.

திருவொற்றியூரில் தியாகராஜர் - வடிவுடையம்மன் கோயிலுக்கும், கடலோரம் உள்ள பட்டினத்தார் சமாதிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் காசிமேடு, வெயில் ஏறுமுன் கோயில், பிறகு எண்ணூர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் முடியும்.

வழி மூன்று: எண்ணூர்க் கழி

கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்ந்து கடலைத் தொடும் இடம் இது. சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்குமான கால்வாய்தான் பக்கிங்ஹாம் கால்வாயின் முதல் துண்டு, 1806இல் வெட்டியது. வெள்ளைக்காரர்கள் படகு விட்டு ஓய்வெடுக்க எண்ணூருக்கு வந்த காலமும் இருந்தது.

இங்கே சுற்றுலாப் படகுத்துறை இல்லை. மாணவர்கள், ஆய்வாளர்கள், சூழல் ஆர்வலர்கள் மீனவக் கிராமங்களின் சம்மதத்தோடு ஃபைபர் படகில் போய்வருகிறார்கள். நான் போனதும் அப்படித்தான். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் போன்ற ஊர்களில் தெரிந்தவர் வழியாக ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். திடீரென்று கரையில் போய் நின்று பேரம் பேசுவது சரியல்ல.

நேரத்தைப் படகுக்காரர் சொல்லட்டும். ஒரு நாள் அவசரப்பட்ட எங்களிடம் ஒரு பெரியவர் சொன்னார்: "தண்ணி ஏறட்டும் சார். இப்ப எறக்குனா போட்டு சேத்துல குந்திக்கும்." சென்னையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடான கழியில் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாமே. ஏற்றம் பார்த்துப் போனால் அலையாத்திகளுக்குள்ளும் நுழையலாம்.

பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. வாடைக்காற்று தணிந்திருக்கும், வெயில் கொல்லாது, பறவைகளும் இருக்கும். காலையில் போய் காற்று எழும்புமுன் திரும்பிவிடுங்கள். முகத்துவாரத்துக்கு வெளியே கடலுக்குள் கொண்டுபோகச் சொல்லாதீர்கள். வாய்ப்பகுதியில் மணல் திட்டும் அலையும் சேர்ந்து படகைப் புரட்டும்.

கழியில் போனால் அழகான காட்சி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பக்கம் நாரையும் நீர்க்காகமும். மறுபக்கம் 1994இல் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம், சாம்பல் குழாய்கள், அலையாத்திக்கு நடுவே மின்கோபுரங்கள். 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடக்கே, நிலக்கரி இறக்குவதற்காக 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். ராயபுரத்து வீடுகளில் நிலக்கரித் தூசி படிகிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அந்தக் கரி எண்ணூருக்கு வந்தது. எங்கள் திண்ணை சுத்தமானது; இவர்கள் திண்ணை கறுத்தது.

தண்ணீருக்கடியில் நடப்பதையும் படகுக்காரரிடம் கேளுங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மட்டி இனம் கழியின் தரையைப் போர்வைபோல மூடிவருகிறது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கப்பல்கள் அடியில் நிரப்பிவரும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. இறால் ஒதுங்கும் சேற்றையே அது மூடிவிடுவதால், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குப் பிழைப்பு போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்தக் கழி முழுக்கப் பரவியது. அதை அள்ளியவர்களில் இந்த ஊர்க்காரர்களும் உண்டு. "எண்ணெய் எப்படி அள்ளுனீங்க?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

உயிர் முக்கியம்

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே உல்லாசச் சவாரிக்குத் தடை வந்தது. ஆகவே எந்தக் கழியிலும் மூன்று விதிகளை நான் தளர்த்துவதில்லை. உயிர்காக்கும் சட்டை ஆளுக்கொன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏறுவதில்லை. படகுக்காரர் சொல்லும் எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூடக் கூடாது. நடுவில் எழுந்து நின்று படம் எடுக்கக் கூடாது. குழந்தைகளோடு வெறும் படகுச் சவாரிதான் வேண்டும் என்றால் முட்டுக்காடு படகுக் குழாமுக்குப் போங்கள், அதற்கென்றே இருக்கிறது.

பாட்டிலில் தண்ணீர், தொப்பி, பழைய துணி, பாலித்தீன் பையில் போட்ட கைபேசி போதும். துறைமுகம், கடற்படைக் கப்பல் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் எடுத்துவரவே வேண்டாம். கழித் தண்ணீரில் காலை நனைத்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படகுக்காரர் உங்களோடு வரும் காலைப்பொழுதில் அவர் வலை போடவில்லை. டீசலுக்கு மட்டும் கணக்குப் போடாமல் அந்த நாள் வருமானத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கரையேறியதும் அங்கேயே மீனோ நண்டோ வாங்குங்கள்.

பிச்சாவரத்தில் உரிமம் பெற்ற படகு ஓடுகிறது, முட்டுக்காட்டில் ஓடுகிறது. எண்ணூரில் படகும் இருக்கிறது, கழியின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமம், உயிர்காக்கும் சட்டை, காப்பீடு, ஒரு சிறிய படகுத்துறை, இவ்வளவுதான் அரசு செய்ய வேண்டியது. கழியைச் சுத்தம் செய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பார்க்க ஆள் வந்தால்தான் சுத்தம் செய்யும் எண்ணமும் வரும்.