கால் தாங்கி: பாதத்தின் பாரத்தைக் குறைத்து நடப்போம்

கணுக்கால், குதிகால் அல்லது கீழ்க்கால் எலும்பு முறிந்திருந்தால், காயம் ஆறும் வரை பாதத்தில் முழு எடையையும் ஊன்ற வேண்டாம் என்று மருத்துவர் கூறுவார். சிலருக்கு, அவரவர் காலுக்கு ஏற்றபடி செய்த தாங்கியை அணியச் சொல்வார்.

தாங்கி எப்படி உதவுகிறது?

நிற்கும்போது உடல் எடை கணுக்கால் வழியாகப் பாதத்தில் இறங்குகிறது. தாங்கியின் மேல்பகுதி, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழேயும் கெண்டைக்காலைச் சுற்றியும் காலைப் பிடித்துக்கொள்கிறது. எடையின் ஒரு பகுதி அங்கிருந்து தாங்கியின் பக்கங்கள் வழியாகத் தரைக்குச் செல்கிறது. மேல்பகுதி தளர்ந்தால் அந்தப் பாரம் மீண்டும் பாதத்துக்கே போய்விடும்.

தாங்கி பாதத்தின் பாரத்தைக் குறைக்கும், முழுவதும் நீக்காது. எனவே, மருத்துவர் அனுமதிக்கும் வரை ஊன்றுகோலை விட்டுவிடாதீர்கள்.

அணியும் முறை

• தையல் உறுத்தாத, முழங்கால் வரை நீளும் காலுறையைச் சுருக்கமின்றி அணியுங்கள்.
• உட்கார்ந்துகொண்டு, குதிகாலைச் சரியாகப் பொருத்திய பிறகு பட்டைகளை இறுக்குங்கள்.
• வீக்கம் கூடினாலும் வடிந்தாலும் தாங்கியின் பிடி மாறும். பகலில் பட்டைகளை மீண்டும் சரிபாருங்கள்.
• தாங்கி அணிந்த கால் சற்று உயரமாகத் தோன்றலாம். மற்றக் காலின் காலணியை உயர்த்த வேண்டுமா என்று கேளுங்கள்.

தினமும் தோலைப் பாருங்கள்

தாங்கியைக் கழற்றியதும் சிவந்த தடங்கள் தெரியலாம். அவை அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டாலோ, கொப்புளம் அல்லது புண் இருந்தாலோ, தாங்கி செய்து தந்த நிபுணரைத் தாமதமின்றி அழையுங்கள். நீங்களே தாங்கியை வெட்டவோ சூடாக்கவோ வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண் வந்தாலும் வலி தெரியாது. கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் பாருங்கள், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலும் கோயிலிலும்

தாங்கியை அணிந்து காலணியின்றி நடந்தால் வழவழப்பான தரையில் வழுக்கும். வீட்டுக்குள் அணியச் சுத்தமான காலணி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலணியைக் கழற்ற வேண்டிய கோயிலுக்குச் செல்வதானால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. குளியலறைக்குள் எப்படிச் செல்வது என்று இயன்மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

உடனே உதவி நாடுங்கள்

• கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம் அல்லது சூடு. விரல்கள் நீலமாகவோ மரத்தோ போவது: அன்றே மருத்துவரைப் பாருங்கள்.
• திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி: 995-ஐ அழையுங்கள்.

வலி குறைந்துவிட்டால் எலும்பு கூடிவிட்டது என்று பொருளல்ல. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லும் வரை, பக்கத்து அறைக்குச் செல்வதானாலும் தாங்கியை அணிந்தே செல்லுங்கள். செலவு பற்றிக் கவலை இருந்தால், தாங்கியை நிறுத்துவதற்கு முன் மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரிடம் பேசுங்கள்.