ரத்தத்தையும் பார்த்துவிடு

அன்புள்ள கவின்,

நிச்சயதார்த்தம் முடிந்ததில் மகிழ்ச்சி. ஜாதகம் பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று என்றார் அண்ணி. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அத்தை சொல்கிறேன்: இருவரும் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். கூச்சப்படாமல் படி.

ரத்தத்தில் இருந்துகொண்டு துணைக்கும் தொற்றக்கூடிய வைரஸ்களில் முக்கியமானவை மூன்று: எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி. மூன்றும் ஒரே மாதிரிப் பரவுவதில்லை.

எச்.ஐ.வி. ரத்தத்தில் மட்டுமல்ல, விந்திலும் பெண்ணுறுப்புத் திரவத்திலும் இருக்கும். உடலுறவின்போது மெல்லிய சவ்வு வழியே உள்ளே போகும். பால்வினை நோய்ப் புண் இருந்தால் இன்னும் எளிது. வியர்வையாலோ கொசுக்கடியாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வராது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸைக் குறைத்து வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவில் துணைக்குத் தொற்றாது.

ஹெபடைட்டிஸ் பி அதைவிட எளிதாகத் தொற்றும். உடலுக்கு வெளியே 7 நாட்கள்கூட உயிர்ப்போடு இருக்கும் என்பதால் ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ் இரண்டையும் பகிரக் கூடாது. இதற்குத் தடுப்பூசி உண்டு. 6 மாதத்தில் 3 தவணை. நாடு முழுவதும் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது 2011-ல்தான். ஆகவே உன் வயதுக்காரர்கள் பலர் போட்டிருக்க மாட்டார்கள்.

ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் ஊசி, ரத்தம் வழியே வருவது. கணவன் மனைவிக்குள் பரவுவது அபூர்வம். உறவில் ரத்தம் கசிந்தாலோ ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலோ வாய்ப்பு கூடும். தடுப்பூசி இல்லை. ஆனால் 3 மாத மாத்திரையில் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகிறார்கள்.

மூன்றுமே வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். ஆளைப் பார்த்து, குடும்பத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஆலோசகர் முதலில் பேசுவார், உன் சம்மதம் கேட்பார். பிறகு சிறிது ரத்தம் எடுத்துப் பரிசோதனை கிட்டில் விடுவோம். ஒரு கோடு வந்தால் தொற்று தென்படவில்லை. இரண்டு வந்தால் உடனே முடிவு சொல்லமாட்டோம். வேறு கிட்களிலும் பார்த்த பிறகே சொல்வோம். அண்மையில் தொற்றியிருந்தால் கோடு தெரிய 3 மாதம்வரை ஆகலாம். மற்ற இரண்டு வைரஸ்களுக்கும் தனித்தனிப் பரிசோதனை கேட்டு வாங்கு.

முடிவு தெரியும்வரை ஆணுறை அவசியம். அது கிழிந்து, எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று அஞ்சினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போ. தடுப்பு மாத்திரை உண்டு.

பரிசோதனைக்குக் கூப்பிடுவது சந்தேகப்படுவதாகாது. உன் வருங்கால மனைவியை மட்டும் அனுப்பாதே, சேர்ந்தே போங்கள்.

அன்புடன்,
அத்தை