கோடையில் கத்தரி வண்டு எங்கே ஒளிகிறது?

கேள்வி: மாசியில் கத்தரியைப் பிடுங்கினால் புரட்டாதி வரை தோட்டம் காய்ந்து கிடக்கிறது. மழைக்குக் கன்று வைத்ததும் இலையை அரிக்கும் புள்ளி வண்டு வந்துவிடுகிறது. இடையில் மண்ணுக்குள் உறங்குமா? (வாசகர், மடத்துவெளி, புங்குடுதீவு)

பதில்: உறங்காது. வண்டென்றால் மண்ணுக்குள் உறங்கும் என்ற எண்ணம் குளிர் நாட்டுப் பாடங்களில் இருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் இதே எபிலாக்னா வண்டு பனிக்காலத்தைச் சருகுக்கடியில் கழிக்கிறது. உருளைக்கிழங்கை அழிக்கும் கொலராடோ வண்டு மண்ணில் புதைந்து கிடக்கிறது. குளிரில் உடம்பின் செலவு குறைவதால் அவை உண்ணாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கின்றன. தீவகத்து வெயிலோ அந்தச் செலவைக் கூட்டுகிறது. நம் வெப்பத்தில் முட்டை வண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். வளர்ந்த வண்டு மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட பூச்சி ஏழு மாதக் கோடையை வெறும் வயிற்றோடு கடக்க வழியில்லை. இடையில் பல தலைமுறை பிறந்தாக வேண்டும், பிறப்பதற்குப் பச்சை இலை வேண்டும்.

அந்த இலை வேலியோரத்தில் இருக்கிறது. ஊமத்தை, மணித்தக்காளி, கண்டங்கத்தரி எல்லாம் கத்தரியின் உறவுகள். வண்டுக்கு அவையும் சாப்பாடுதான். தரையோடு படர்ந்து கிடக்கும் கண்டங்கத்தரி, சுற்றியுள்ள புல் கருகிய பிறகும் பச்சையாக நிற்கும். போதாதற்குக் கிணற்றடியில் குளித்த தண்ணீரில் பிழைக்கும் பழைய கத்தரி மரம் வேறு. ஊமத்தை இலையைத் திருப்பிப் பாருங்கள்: மஞ்சள் முட்டைகள் நெருக்கமாக நட்டு வைத்தாற்போல் நிற்கும், பக்கத்தில் கிளைவிட்ட முட்களோடு மஞ்சள் புழு பச்சையத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும். சுரண்டிய இடத்தில் நரம்பும் மெல்லிய தோலுமே மிஞ்சும். கொலராடோ வண்டும் முதலில் அமெரிக்காவின் முள்நிறைந்த காட்டுச் செடி ஒன்றில்தான் இருந்தது. குடியேறியவர்கள் உருளைக்கிழங்கை அதன் அருகே கொண்டுபோய் நட்ட பிறகு, 1859 அளவில் பயிருக்குத் தாவியது. களையே இவற்றின் பழைய வீடு. பயிர் பிறகு கிடைத்த விருந்து.

மண்ணில் கிடக்கும் வண்டுகள் வெப்ப நாட்டில் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இந்தியாவில் நிலக்கடலை வேரைக் கடிக்கும் வெண்புழுவின் வண்டு, கோடை முழுக்க மண்ணுக்குள் இருந்து முதல் மழைக்கு வெளியே வருகிறது. ஆனால் அதன் புழுவும் கூடும் மண்ணிலேயே உருவாகின்றன. கத்தரி வண்டின் கூட்டுப்புழு இலையிலேயே ஒட்டிக்கொண்டு வண்டாகிறது. அதன் வாழ்வில் மண்ணுக்குள் கழியும் பருவமே கிடையாது. தோட்ட மண்ணில் மருந்தூற்றுவது காசையும் கிணற்றையும் கெடுக்கும். தீவகத்தில் நன்னீர்க் கிணறு எவ்வளவு அரிதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்காக ஊரில் உள்ள களையெல்லாவற்றையும் அழிக்கவும் சொல்லமாட்டேன். இந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் பெடியோபியஸ் என்ற சிறு குளவிக்கும் கோடையில் இரை தேவை. நாற்றுமேடையைச் சுற்றியுள்ள ஊமத்தையையும் கண்டங்கத்தரியையும், கிணற்றடிக் கிழட்டுக் கத்தரியையும் ஆவணியில் பிடுங்கினால் போதும்.

கேள்வி: பொறிவண்டு நல்லது என்கிறார்களே, இதுவும் அதே மாதிரித்தானே இருக்கிறது?

பதில்: இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை அசுவினியையும் செதிற்பூச்சியையும் தின்று நமக்கு உதவுபவை. கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களை 1880களின் இறுதியில் காப்பாற்றியதே அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோன ஒரு பொறிவண்டுதான். இலை தின்னும் எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர் இருப்பதால் அது மங்கலாகத் தெரியும். பொறிவண்டின் முதுகு பளபளக்கும். நசுக்குமுன் முதுகைப் பாருங்கள். பளபளத்தால் விட்டுவிடுங்கள்.