காப்புப்படி

நொய்யலாற்றங்கரையில் விளங்கும் திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரம். நூலைத் துணியாகப் பின்னுவோர், சாயமேற்றுவோர், வெட்டுவோர், தைப்போர், சரிபார்ப்போர், தேய்த்து மடித்துப் பெட்டியில் அடுக்குவோர் எனப் பலர் கைபட்டே ஒரு பனியன் உருவாகிறது. ஓரிடத்தில் பின்னிய துணி மற்றோரிடத்தில் சாயம் பெற்று, வேறோரிடத்தில் ஆடையாகிறது. இவ்வேலைகளை ஒன்றோடொன்று இணைப்பவை குறிப்புகளே. துணியின் கனம் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், சாயக் கலவையின் அளவு யாது, தோளின் அகலம் எவ்வளவு, சரக்குக் கப்பலேற வேண்டிய நாள் எது என்னும் செய்திகள் முன்பு பேரேடுகளில் இருந்தன. இன்று கணினியில் இருக்கின்றன. தொழிலாளர் தைத்த உருப்படிகளின் கணக்கும் அவர்தம் கூலியும் அங்கேயே பதிவாகின்றன.

அக்கணினியின் வன்தட்டு ஒருநாள் பழுதுற்றால் என்னாகும்? நூல் இருக்கும், எந்திரம் இருக்கும், ஆளும் இருப்பர், ஆயினும் வேலை நின்றுவிடும். சனிக்கிழமை மாலையில் கூலி பெற வந்தவர்க்குக் கொடுக்கக் கணக்கிராது. இத்தகைய கேடு பல வழிகளில் வரக்கூடும். தட்டுகள் தேய்வுறும், தீயும் வெள்ளமும் திருட்டும் நேரும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பூட்டப்பட்ட கோப்புகளுக்கு வேறு படி வைத்திருந்தவர்கள் அவற்றை மீட்டுக்கொண்டனர்.

படியெடுத்துக் காப்பது தமிழர்க்குப் புதிதன்று. பனையோலை நெடுங்காலம் தாங்காது. செல்லரித்தும் முறிந்தும் போகும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏடு எழுதி வைத்தனர். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல இடங்களிலிருந்து பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். ஓரேட்டில் சிதைந்ததை மற்றோர் ஏடு காத்துத் தந்தது. வளையாபதி, குண்டலகேசி ஆகிய காப்பியங்களோ சில செய்யுட்களே எஞ்ச மறைந்தன. அவற்றின் முழுப்படி எங்கும் கிடைத்திலது.

ஏட்டைப் போன்றே கணினியையும் முழுமையாகப் படியெடுக்கலாம். கணக்குக் கோப்புகளை மட்டும் காத்தால் போதாது. கணினியை இயக்கும் மென்பொருள், பயனர் பெயர்கள், அமைப்புகள் ஆகிய அனைத்தும் ஒருங்கே இருந்தால்தான் புதிய தட்டில் பழைய கணினியை விரைவில் உயிர்ப்பிக்க இயலும். இதுவே முழுக் காப்புப்படி. லினக்ஸ் இயங்குதளத்தில் இதனைக் கட்டளை வரியிலேயே செய்து முடிக்கலாம். அதற்கெனப் பயன்படும் கருவிகளுள் ஒன்று ‘டார்’ என்பது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற இக்கருவி, காந்த நாடாவில் கோப்புகளைத் தொகுத்து வைப்பதற்காக எழுந்தது. பெயரும் அதனாலேயே அமைந்தது.

அதன் முறை எளியது. முதலில் வெளித்தட்டு ஒன்றைக் கணினியில் இணைக்க வேண்டும். தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருந்தால் அதனை நிறுத்திவிட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டைப் படியெடுத்தால் பிழை நேருமன்றோ? பின்னர் நிருவாகியின் உரிமையோடு, வேர் அடைவிலிருந்து தொடங்கி எல்லாக் கோப்புகளையும் ஒரே தொகுப்பாகக் கட்டுமாறு கட்டளையிட வேண்டும். ஒவ்வொரு கோப்பின் உரிமையாளரும் அனுமதியும் மாறாதிருக்கக் கூற வேண்டும். கணினி இயங்கும்போது மட்டும் தோன்றும் ‘ப்ராக்’, ‘சிஸ்’ போன்ற அடைவுகளையும், படி எழுதப்படும் வெளித்தட்டையும் விலக்க வேண்டும். விலக்காவிடில் தொகுப்பு தன்னையே தனக்குள் சேர்க்க முற்படும். தொகுப்பின் பெயரில் நாளைக் குறித்தல் நலம். ஒருமுறை சரியாக எழுதிய கட்டளையை இரவுதோறும் தானே நிகழுமாறும் அமைத்துவிடலாம்.

ஆயின் தானே நிகழ்கிறது என்று நம்பி இருந்துவிடலாகாது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, ‘கிட்லேப்’ என்னும் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பழுது நீக்கும் முயற்சியில், தவறான கணினியில் அழிப்புக் கட்டளை இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு அழிந்தது. காப்பு முறைகள் ஐந்து இருந்தும் ஒன்றும் உரியவாறு உதவவில்லை. நாள்தோறும் நடப்பதாகக் கருதப்பட்ட படியெடுப்பு, மென்பொருட் பதிப்புப் பொருந்தாமையால் தோல்வியுற்றே வந்திருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு பணிக்காகக் கையால் எடுத்து வைத்த படி ஒன்றே கைகொடுத்தது. நடந்ததை அந்நிறுவனம் மறைக்காமல் உலகுக்கு அறிவித்தது. பிறர் பாடம் கற்க அஃது உதவிற்று.

திறந்து பார்க்காத காப்புப்படியை நம்புதல் தகாது. மாதம் ஒருமுறையேனும் அதனை வேறொரு வெற்றுத் தட்டில் விரித்து, தொடக்க நிரலைப் பொருத்தி, கணினி எழுகிறதா என்றும், சென்ற வாரக் கூலிக் கணக்கு திறக்கிறதா என்றும் காண வேண்டும். தரவுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் அமைதல் வேண்டும். ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது வல்லுநர் கூறும் விதி. கணினிக்கருகிலேயே வைத்த வெளித்தட்டு, தீ நேர்ந்தால் கணினியோடு சேர்ந்தே எரியும். எப்போதும் இணைத்தே வைத்தால் தீநிரல் அதனையும் பூட்டும்.

தையலில் ஓரிழை விட்டுப்போனால் சரிபார்ப்பவர் கண்டு திருத்துவர். ஆடையைப் பெட்டியில் இடுமுன் விரித்துப் பார்ப்பது திருப்பூர்த் தொழிலாளரின் வழக்கம். அவ்வழக்கம் காப்புப்படிக்கும் உரியது. அதனைக் கைக்கொள்ளும் பட்டறையில், வன்தட்டு பழுதுற்ற வாரத்திலும் சனிக்கிழமைக் கூலி தவறாது.