கைகாட்டி தவறாக நின்றால்

அன்புள்ள தங்கைக்கு,

நெட்வொர்க் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். இணைப்புக்கு உயிர் கொடுப்பது எப்படி, பிங் போகவில்லை என்றால் எங்கே தேடுவது, எந்தக் கட்டளையை எப்போது அடிப்பது என்று இனிச் சில மாதங்களுக்குச் சொல்லித்தருவார்கள். அவை தேவையான பாடங்கள்தான். ஆனால் இந்தத் தொழிலின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அண்டை நெட்வொர்க் சொல்வதில் எதை ஏற்க மறுப்பது, நாம் அறிந்ததில் எதை வெளியே சொல்லாமல் நிறுத்திக்கொள்வது என்ற இரண்டு தீர்மானங்கள்தான் அது. உன் இணைப்பு வேலை செய்கிறதா என்பது உன் நிறுவனத்தின் கவலை. இந்த இரண்டும் முகம் தெரியாத பல லட்சம் பேரின் கவலை.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள். முழுப் பாதையையும் கண்ணால் கண்ட ரவுட்டர் வழியில் ஒன்றுகூட இல்லை. புது ஊரில் வழி கேட்டால், “அந்த ஆலமரத்தடியில் வலப்பக்கம் திரும்பு, அங்கே யாரையாவது கேள்” என்பார்களே, அதே முறைதான். அந்த அடுத்த திருப்பத்தையும் ரவுட்டர் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. “இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்” என்று அண்டை நெட்வொர்க் அறிவிக்கிறது. ரவுட்டர் அதைக் குறித்துக்கொண்டு, தன் நெட்வொர்க்கின் எண்ணையும் சேர்த்து அடுத்த அண்டைக்குச் சொல்கிறது. இந்தப் பேச்சுக்கான நெறிமுறைதான் பி.ஜி.பி. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கிர்க் லாஹீடும் யாகோவ் ரெக்டரும் மதிய உணவு மேசையில் கைதுடைக்கும் தாள்களில் அதன் முதல் வரைவை எழுதினார்கள். சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறாரா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அன்றைய சிறிய இணையத்துக்கு அது பெரிய குறையாகவும் படவில்லை. இன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெட்வொர்க்குகள், ஐ.பி.வி.4 முகவரிகளுக்கு மட்டும் 9 லட்சத்தைத் தாண்டிய வழிகளை, அதே நெறிமுறையில்தான் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

வழி தவறும் என்பதை முன்னோடிகள் அறியாமல் இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் டி.டி.எல். என்று ஓர் எண் உண்டு. கடந்து போகும் ரவுட்டர் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானதும் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நின்றால், நடுவில் அகப்பட்ட பாக்கெட் முடிவின்றி அலையக்கூடாது என்பதற்காக வைத்த எண் அது. பாக்கெட்டுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, வழியைச் சொல்லும் சொல்லுக்குக் கிடைக்கவில்லை.

அதன் விளைவை 2008 பிப்ரவரி 24 அன்று உலகம் பார்த்தது. யூடியூபைத் தடுக்கும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட, பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் மட்டும் செல்ல வேண்டிய ஒரு பொய் வழியை உருவாக்கியது. யூடியூப் 1,024 முகவரிகள் கொண்ட தொகுதியாக அறிவித்திருந்த இடத்தில், அதற்குள் அடங்கிய 256 முகவரிகளுக்குத் தானே சொந்தக்காரர் என்றது அந்த அறிவிப்பு. இரண்டு வழிகள் பொருந்தினால் குறுகலான, துல்லியமான வழியையே ரவுட்டர் தேர்ந்தெடுக்கும். ஊர்ப் பெயர் மட்டும் போட்ட கைகாட்டியைவிடத் தெருப் பெயர் போட்ட கைகாட்டியை நாம் நம்புவது போல. அந்த வழி நாட்டு எல்லைக்குள் நிற்காமல், ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. நிறுவனத்துக்குக் கசிந்தது, அவர்கள் சரிபார்க்காமல் உலகுக்குச் சொன்னார்கள். சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லாமல் போனது. தவறு இரண்டு இடங்களில் நடந்ததைக் கவனி: ஒருவர் சொல்லக்கூடாததைச் சொன்னார், இன்னொருவர் கேட்கக்கூடாததைக் கேட்டார். இரண்டாமவர் வாசலை அடைத்திருந்தால் முதலாமவரின் தவறு அந்த ஒரு வாசலோடு நின்றிருக்கும்.

“அவர்கள் பெரிய நிறுவனங்கள். நான் வேலை பார்ப்பது சின்ன இடம், என் தவறு எவ்வளவு தூரம் போய்விடும்?” என்று நீ கேட்கலாம். அதற்குப் பதில் 2019 ஜூன் 24. பென்சில்வேனியாவில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனம், பி.ஜி.பி. ஆப்டிமைசர் என்ற மென்பொருளை ஓடவிட்டிருந்தது. பெரிய முகவரித் தொகுதிகளைத் துண்டாக்கி, எந்தத் துண்டை எந்த இணைப்பில் அனுப்பலாம் என்று நிறுவனத்துக்குள் மட்டும் முடிவுசெய்ய உதவுவது அது. அந்தத் துண்டு வழிகள் வாடிக்கையாளரான ஓர் உலோகத் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போயின. அந்த நிறுவனத்துக்குப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசனுடனும் இணைப்பு இருந்தது. கேட்டதை அப்படியே அங்கே சொன்னது. வெரைசன் அதை உலகத்துக்குச் சொன்னது. இணையத்தின் கணிசமான போக்குவரத்து ஓர் உலோக நிறுவனத்தின் வாசல் வழியே போக முயன்று மூச்சடைத்தது. உச்சக் கட்டத்தில் தன் உலகப் போக்குவரத்தில் சுமார் 15 சதவீதத்தை இழந்ததாக கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தெரிவித்தது. இந்தச் சங்கிலியில் மூன்று கண்ணிகள். எந்த ஒன்றில், ஏற்கக்கூடாத வழிகளைத் தடுக்கும் ஃபில்டர் இருந்திருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்கும். இந்த வாடிக்கையாளரிடமிருந்து இத்தனை வழிகளுக்கு மேல் வந்தால் இணைப்பைத் துண்டி என்று வெரைசன் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாலே போதும். சின்ன இடம், பெரிய இடம் என்ற பேதம் பி.ஜி.பி.க்குத் தெரியாது. உன் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை உன் அண்டையின் அலட்சியம்தான் தீர்மானிக்கிறது.

இன்னொரு மறுப்பை அனுபவசாலிகளே சொல்வார்கள்: யார் பேச்சையும் நம்பும் இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, எல்லா வழிகளையும் ஒரே அமைப்பின் கையில் கொடுத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே கையில் இருந்த நெட்வொர்க்குகளும் இதே நோயில் விழுந்திருக்கின்றன. 1980 அக்டோபர் 27 அன்று, ஒரே நிர்வாகத்தின் கீழிருந்த, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் பல மணி நேரம் முடங்கியது. ஒரு கணுவின் நினைவகத்தில் பிட்கள் உதிர்ந்ததால், நிலவர அறிவிப்பு ஒன்று 8, 40, 44 என்ற மூன்று வரிசை எண்களோடு உலவத் தொடங்கியது. எண்கள் 64-க்குள் வட்டமாகச் சுழல்வதால், 8-ஐவிட 40 புதியது, 40-ஐவிட 44 புதியது, 44-ஐவிட 8 புதியது என்று ஒவ்வொரு கணுவும் கணக்கிட்டது. புதியது வந்தால் பழையதை மாற்றி எல்லா அண்டைகளுக்கும் சொல் என்பது விதி. எந்தக் கணுவும் விதியை மீறவில்லை. எல்லாம் கீழ்ப்படிந்ததாலேயே நெட்வொர்க் செத்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மறைந்ததே, அதுவும் ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க்தான். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு இணைப்புகளை எல்லாம் அறுத்தது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலேயே பிழை இருந்தது. அதிகாரத்தை ஒரே இடத்தில் குவித்தால், கேட்டதைச் சந்தேகிக்கும் வேலை மறைந்துவிடாது. அதைச் செய்யும் ஆட்கள்தான் குறைவார்கள்.

ஆர்.பி.கே.ஐ. வந்துவிட்டதே என்பாய். வந்தது பெரும் நன்மை; உன் நிறுவனத்தில் இன்னும் இல்லையென்றால் விடாமல் கேள். இந்த முகவரிகளை அறிவிக்கும் உரிமை இந்த நெட்வொர்க்குக்குத்தான் என்று கையொப்பமிட்டுச் சொல்லும் ஏற்பாடு அது. பாகிஸ்தான் வகைப் பொய்யை அது பிடித்துவிடும். 2019-இன் துண்டு வழிகளையும், வெரைசன் சரிபார்த்திருந்தால், பிடித்திருக்கும். ஆனால் 2018 நவம்பர் 12 அன்று நைஜீரியாவின் மெயின்ஒன் நிறுவனத்தில் ஒரு கான்ஃபிக் பிழையால் கூகுளின் வழிகள் சைனா டெலிகாமுக்குக் கசிந்தன; அந்தக் கசிவு 74 நிமிடங்கள் நீடித்தது. அங்கே முகவரியின் சொந்தக்காரர் கூகுள்தான், அதில் பொய்யே இல்லை. சொல்லக்கூடாதவர் சொன்னார் என்பது மட்டுமே பிழை. கையொப்பம் உரிமையைக் காட்டும்; யார் யாருக்கு வழிவிட ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் காட்டாது. அந்த ஒப்பந்தம் உன் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. ரவுட்டருக்கு அதைச் சொல்ல வேண்டியவள் நீதான்.

ஃபில்டர் எழுதுவது சலிப்பான வேலை, அதை நான் மறுக்கவில்லை. வாடிக்கையாளர் புதுத் தொகுதி வாங்கினால் பட்டியலைத் திருத்த வேண்டும். திருத்த மறந்தால் அவருடைய இணைப்பு நிற்கும், பழி உன்மேல் விழும். ஃபில்டர் இல்லாத நாட்களில் யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள். இந்த ஏற்றத்தாழ்வுதான் நல்ல பொறியாளர்களையும் சோம்பலில் தள்ளுகிறது. அதனால்தான், கொள்கை எழுதப்படாத பி.ஜி.பி. இணைப்பில் எதையும் ஏற்காதே, எதையும் சொல்லாதே என்பதை ரவுட்டரின் இயல்பாகவே ஆக்கும் விதியை 2017-இல் ஆர்.எஃப்.சி. 8212 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. ஆனால் எல்லாக் கருவிகளும் அப்படி நடந்துகொள்வதில்லை. உன் கருவி எப்படி என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்.

நாளைக்கு அலுவலகம் போனதும் ஒரு வேலை செய். உங்கள் ரவுட்டர்களில் இருக்கும் வெளி இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திற. உள்ளே வரும் வழிகளுக்கு ஃபில்டர் இருக்கிறதா, வெளியே போகும் வழிகளுக்கு இருக்கிறதா, எண்ணிக்கை வரம்பு இருக்கிறதா என்று பார். இல்லாதவற்றைத் தாளில் எழுதி உன் மேலாளர் மேசையில் வை.